சம்பளமா, ஷேரா? புதுக் கம்பெனி கூப்பிட்டால் போகலாமா?

சித்தையன்கோட்டை:-

“ஸ்டார்ட் அப்” என்னும் புதுக் கம்பெனிகள் படித்த இளைஞர்களை வேலைக்குக் கூப்பிடுகின்றன. சம்பளத்தோடு “ஷேர்” தருவதாகவும் சொல்கின்றன. அப்படிப் போய்ச் சேர்ந்து கோடீசுவரர் ஆனவர்கள் உண்டு. சம்பளம் வராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்களும் உண்டு. இதுபற்றிய விவரம் வருமாறு:-

திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டி அருகே உள்ளது சித்தையன்கோட்டை. ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரை நம்பி நெல்லும் தென்னையும் விளைகிற ஊர். இந்த ஊரில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். கற்பனை வீடுதான். ஆனால் சின்னாளபட்டியிலும் வத்தலக்குண்டிலும் தெருவுக்கு ஒரு வீடு இப்படி இருக்கும்.

அப்பாவுக்குச் சின்ன மளிகைக் கடை. மகன் பி.காம். படித்தவன். திண்டுக்கல்லில் ஒரு மில் ஆபீசில் கணக்கு எழுதுகிறான். சம்பளம் மாதம் 16 ஆயிரம். பி.எப். பிடிக்கிறார்கள். இ.எஸ்.ஐ. கார்டும் உண்டு. காலையில் பஸ் ஏறினால் ராத்திரி வீட்டுச் சாப்பாடு. அக்கா கல்யாணத்துக்கு அடகு வைத்த நகை இன்னும் பாங்கியில் இருக்கிறது.

இந்த நேரத்தில் சென்னையில் இருந்து ஒரு கம்பெனி கூப்பிடுகிறது. கம்பெனிக்கு வயது 2. ஆட்கள் 12 பேர். சம்பளம் 26 ஆயிரம். அதோடு 1,000 ஷேர். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

தகராறு

“அத்தா, கம்பெனி வளர்ந்தா நம்ம ஷேரும் வளருமாம். மெட்ராஸ்ல ஒரு கம்பெனியில 500 பேரு கோடீசுவரன் ஆகிட்டாய்ங்க” என்கிறான் மகன்.

“வளராட்டி?” என்று கேட்கிறார் தகப்பனார்.

மகனிடம் பதில் இல்லை. அதற்குள் தாய்மாமன் பேப்பரையும் பேனாவையும் எடுத்துவிடுகிறார்.

“மாப்ளே, ரூம் வாடகையில உன் பங்கு நாலாயிரம். மெஸ்சுக்கு நாலாயிரம். மெட்ராஸ்குள்ள பஸ்சு, ரயிலு ஆயிரம். மாசம் ஒரு தடவ ஊருக்கு வந்து போக ஆயிரம். ஆக மொத்தம் பத்தாயிரம். இருபத்தாறுல பத்துப் போனா எவ்வளவு?”

16 ஆயிரம்!

திண்டுக்கல்லில் வாங்குகிற அதே 16 ஆயிரம்தான். ஆக, சம்பள உயர்வு என்று எதுவும் இல்லை. உயர்வு முழுவதும் அந்த 1,000 ஷேரில் இருக்கிறது. அந்த ஷேர் என்ன பெறும் என்பதுதான் கேள்வி.

மாமா கணக்கில் ஒன்று விட்டுப்போய்விட்டது. 20 பேருக்குக் குறைவாக ஆள் உள்ள கம்பெனி பி.எப். பிடித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் சட்டத்தில் இல்லை. மில்லில் அடிப்படைச் சம்பளம் 10 ஆயிரம் என்றால் பையன் பங்கு 1,200, முதலாளி பங்கு 1,200. முதலாளி பங்கு 1,200 சென்னை போனால் நின்றுவிடும். இ.எஸ்.ஐ.க்கு 2017-ல் வைத்த வரம்பு 21 ஆயிரம். 26 ஆயிரம் வாங்கினால் அந்தக் கார்டும் போகும்.

கீழ்க்கட்டளையில் ஆரம்பம்

மகன் சொன்ன 500 கோடீசுவரர் கதை பொய் அல்ல.

திருச்சிக்காரர் கிரீஷ் மாத்ருபூதம். ஜோஹோ என்ற சாப்ட்வேர் கம்பெனியில் 9 ஆண்டு வேலை பார்த்தவர். நல்ல பதவி. மனைவி, 2 பிள்ளைகள். அமெரிக்காவில் இருந்து குடும்பத்தோடு சென்னை திரும்பியபோது சாமான்கள் பின்னால் வந்தன. டி.வி. உடைந்து வந்தது. இன்சூரன்சு பணத்துக்கு மாதக்கணக்கில் அலைந்தார். கிடைக்கவில்லை. கடைசியில் நடந்ததை எல்லாரும் பார்க்கும்படி இணையத்தில் எழுதிப் போட்டார். பணம் வந்து சேர்ந்தது!

வாடிக்கையாளர் புகாரைக் கவனிக்க ஒரு சாப்ட்வேர் செய்தால் என்ன என்ற எண்ணம் பிறகு வந்தது. 2010-ம் ஆண்டு வேலையை விட்டார். உடன் வேலை பார்த்த ஷான் கிருஷ்ணசாமியும் சேர்ந்துகொண்டார். சென்னை கீழ்க்கட்டளையில் ஒரு சின்ன இடத்தில் “பிரெஷ்டெஸ்க்” ஆரம்பமானது. 2011-ல் கிடைத்த முதல் வாடிக்கையாளர் ஆஸ்திரேலியாவில் உள்ள ஒரு கல்லூரி.

அன்று அந்தச் சின்ன ஆபீசில் சேர்ந்தவர்கள் வீட்டிலும் சித்தையன்கோட்டை வீட்டில் நடக்கும் இதே பேச்சு நடந்திருக்கத்தான் வேண்டும். “பெரிய கம்பெனியை விட்டுட்டு இங்க எதுக்குடா போற?” என்று யாராவது கேட்காமல் இருந்திருப்பார்களா?

கம்பெனி வளர்ந்தது. பெயர் “பிரெஷ்வொர்க்ஸ்” என்று மாறியது. 2021-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந்தேதி அமெரிக்காவின் நாஸ்டாக் பங்கு மார்க்கெட்டில் ஏறியது. ஒரு ஷேர் 36 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் ரூ.2,650. அன்று சாயங்காலம் மார்க்கெட் முடியும்போது 47 டாலரைத் தாண்டிவிட்டது. திரட்டிய பணம் 100 கோடி டாலருக்கு மேல். ஊழியர்களில் 100-க்கு 76 பேரிடம் ஷேர் இருந்தது. இந்தியாவில் மட்டும் 500-க்கும் மேற்பட்டோர் கோடீசுவரர் ஆனார்கள். அதில் சுமார் 70 பேர் 30 வயதுகூட ஆகாதவர்கள்!

கிரீஷ் தீவிர ரஜினி ரசிகர். அமெரிக்க அரசாங்கத்திடம் கொடுத்த பங்கு வெளியீட்டுப் பத்திரத்திலேயே ரஜினிகாந்துக்கு நன்றி சொல்லியிருந்தார்.

விலை இறங்கியது

கோடீசுவரர் செய்தியைப் படித்த எல்லாரும் அதற்குப் பிந்திய செய்தியைப் படிக்கவில்லை. 2022-ம் ஆண்டு முடிந்தபோது அதே ஷேர் 15 டாலருக்கும் கீழே இருந்தது. 2012-ல் சில்லறை விலையில் ஷேர் பெற்றவருக்கு 15 டாலரும் லாபம்தான். 2021 கடைசியில் சேர்ந்து, 40 டாலர் கணக்கில் சம்பளத்தைப் பேசியவருக்கு அது பெரிய அடி.

2024 நவம்பரில் அந்தக் கம்பெனி 660 பேரை வீட்டுக்கு அனுப்பியது. மொத்த ஊழியர்களில் 100-க்கு 13 பேர். இத்தனைக்கும் கம்பெனி நொடிக்கவில்லை. வியாபாரம் நன்றாக நடந்துகொண்டிருந்தது.

ஒரே கம்பெனி, ஒரே ஷேர். எந்த வருஷம் சேர்ந்தோம், எந்த விலையில் கிடைத்தது, எப்போது விற்றோம் என்பதில்தான் கோடியும் ஆயிரமும் பிரிகிறது. இந்த மூன்றில் முதல் இரண்டை மட்டுமே வேலையில் சேரும் அன்று தெரிந்துகொள்ள முடியும்.

மறுபக்கம்

பெங்களூர் “பைஜூஸ்” கம்பெனியை அறியாதவர் இல்லை. கிரிக்கெட் வீரர்களின் சட்டையில் பெயர் போட்ட கம்பெனி. 2022-ல் அதன் மதிப்பு 2,200 கோடி டாலர் என்றார்கள். அதே வருஷம் அக்டோபரில் 2,500 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தார்கள். 2023 டிசம்பரில் சம்பளம் கொடுப்பதற்காக அதிபர் குடும்பத்தின் வீடுகள் அடமானம் வைக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. 2024-ல் சம்பளம் தாமதம் ஆனது. 2024 ஜூலை 16-ந்தேதி, கிரிக்கெட் வாரியத்துக்குத் தரவேண்டிய ரூ.158 கோடி பாக்கிக்காக திவால் நடவடிக்கை ஆரம்பமாயிற்று.

அங்கேயும் ஊழியர்கள் கையில் ஷேர் இருந்தது. காகிதத்தில்.

கோவையில் ஒரு அதிபர் வேறு வழியில் போனார். “கோவை.கோ” கம்பெனியின் சரவணகுமார் 2025 ஜனவரியில் சுமார் 140 ஊழியர்களுக்கு ரூ.14 கோடி போனஸ் என்று அறிவித்தார். 3 ஆண்டு இருந்தால் ஆண்டுச் சம்பளத்தில் பாதி என்பது பேச்சு. மார்க்கெட்டில் ஏறாதவரை ஷேர் என்பது காகிதப் பணம், அதனால் ரொக்கமாகவே கொடுத்துவிட்டேன் என்பது அவர் சொன்ன காரணம். கம்பெனி நடத்துபவரே சொன்னது இது. மளிகைக் கடைத் தகப்பனார் சொல்வதும் இதைத்தான்.

சென்னை “ஐடியாஸ்2ஐடி” 2022 ஏப்ரலில் 100 பேருக்கு மாருதி கார் கொடுத்தது. அதே மாதம் “கிஸ்புளோ” 5 பேருக்கு பி.எம்.டபிள்யூ. கார் கொடுத்தது. கார் வாங்கியவர்கள் படம் பத்திரிகையில் வந்தது. கார் கொடுக்காத கம்பெனிகள் படம் வராது.

1,000 ஷேர் எவ்வளவு?

இனி அந்த 1,000 ஷேருக்கு வருவோம்.

முதல் விஷயம், அது ஷேரே அல்ல. “பிற்காலத்தில் இன்ன விலைக்கு ஷேர் வாங்கிக்கொள்ளலாம்” என்ற உரிமைதான். இதை “ஈசாப்” என்கிறார்கள். பணம் கட்டினால்தான் ஷேர் நம் பெயருக்கு வரும்.

1,000 என்ற எண்ணைப் பார்த்து மயங்கக்கூடாது. மொத்தம் எத்தனை ஷேர் என்று கேட்கவேண்டும். மொத்தம் 10 லட்சம் என்றால் 1,000 ஷேர் என்பது ஆயிரத்தில் ஒரு பங்கு. கம்பெனி 10 கோடிக்கு விலை போனால் ஒரு லட்சம் ரூபாய். மொத்தம் ஒரு கோடி ஷேர் என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதே 10 கோடிக்கு விலை போனாலும் பத்தாயிரம் ரூபாய்தான். மெஸ் பில்லுக்கே சரியாகப் போய்விடும். பணம் போட்ட முதலாளிகள் “எங்கள் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வோம்” என்று ஒப்பந்தம் எழுதி வைத்திருப்பார்கள். மிச்சம் இருந்தால்தான் ஊழியர்களுக்கு. “மொத்தம் எத்தனை?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லாத கம்பெனி, 1,000 தந்தாலும் 10 ஆயிரம் தந்தாலும் ஒன்றே.

இரண்டாவது, காலம். சட்டப்படி குறைந்தது ஓர் ஆண்டு ஆகாமல் அந்த உரிமை கைக்கு வராது. வழக்கம் 4 ஆண்டு. ஆண்டுக்கு கால் பங்கு. 11-வது மாதம் வேலையை விட்டால், அல்லது அவர்கள் அனுப்பிவிட்டால், ஒன்றும் கிடையாது. 2 ஆண்டு இருந்தால் 500. வேலையை விட்ட பிறகு 90 நாளில் பணம் கட்டி ஷேராக மாற்றிக்கொள்ளவேண்டும் என்று பல கம்பெனிகளில் விதி இருக்கிறது. கட்டாவிட்டால் அந்த உரிமையும் போச்சு.

மூன்றாவது, வரி. இதுதான் பலருக்குத் தெரியாது. 1,000 ஷேரும் கைக்கு வந்துவிட்டது, விலை ரூ.10 என்று வைத்துக்கொள்வோம். 10 ஆயிரம் கட்டி மாற்றுகிறான் பையன். அன்றைக்கு ஒரு ஷேர் மதிப்பு ரூ.2,010 என்று கம்பெனி சொல்கிறது. உடனே 20 லட்சம் ரூபாய் அந்த வருஷச் சம்பளமாகவே சேர்க்கப்படும்! புதிய வரி முறையிலும் வருமான வரி 2½ லட்சத்துக்கு மேல் வரும். ஷேரை விற்கவில்லை. வாங்க ஆளும் இல்லை. வரி மட்டும் ரொக்கமாகக் கட்டவேண்டும். அரசாங்கத்திடம் தனிச் சான்று பெற்ற புதுக் கம்பெனிகளில் மட்டும் இந்த வரியைக் கொஞ்ச காலம் தள்ளி வைக்க 2020-ல் வழி செய்தார்கள். “அந்தச் சான்று உங்ககிட்ட இருக்கா?” என்று கேட்பதில் வெட்கம் என்ன?

பையன் பக்கமும் நியாயம்

இவ்வளவு சொன்னதால் போகவே கூடாது என்று அர்த்தம் இல்லை. எந்தக் கம்பெனியும் ஒரு நாள் புதுக் கம்பெனிதான். 1957-ல் நாகசாமி நாயுடு “ஆனந்த விலாஸ்” என்று திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை போட்டபோது அதுவும் ஸ்டார்ட் அப்தான். அவர் தலையில் கட்டிய தலப்பாவே பின்னால் கடைக்குப் பெயர் ஆனது.

மில் ஆபீசில் பையன் 3 ஆண்டாக வவுச்சர் எழுதுகிறான். இன்னும் 3 ஆண்டு போனாலும் அதே வவுச்சர். 12 பேர் கம்பெனியில் கணக்கு எழுத ஒரே ஆள். ஜி.எஸ்.டி.யும் அவன்தான், சம்பளப் பட்டியலும் அவன்தான், பணம் போட்ட முதலாளிகளுக்குக் கணக்கு அனுப்புவதும் அவன்தான். 2 ஆண்டில் மில்லில் 10 ஆண்டு இருந்தாலும் வராத வேலை கைக்கு வந்துவிடும். கம்பெனி மூடினாலும் கற்றுக்கொண்டதை யாரும் பிடுங்க முடியாது. பிரெஷ்வொர்க்சில் வேலை பார்த்துவிட்டு வெளியே வந்து சொந்தக் கம்பெனி ஆரம்பித்தவர்களும் இருக்கிறார்கள்.

ஆனால் கற்றுக்கொள்வதற்குச் சாப்பிட்டாகவேண்டும். பாங்கியில் நகை வட்டி காத்திருக்கிறது. அதனால் மகன் கேட்கவேண்டியது ஷேரைப் பற்றி அல்ல. கம்பெனியின் கைப்பணம் இன்னும் எத்தனை மாதத்துக்கு வரும் என்பதை முதலில் கேட்கவேண்டும். பாங்கியில் 60 லட்சம் இருந்து, மாதச் செலவு 10 லட்சம், வரவு ஒன்றும் இல்லை என்றால் கம்பெனிக்கு ஆயுள் 6 மாதம். அதற்குள் புதுப் பணம் வராவிட்டால் முதலில் நிற்பது சம்பளம். 18 மாதத்துக்குக் கைப்பணம் இருந்தால் துணிந்து பார்க்கலாம். இதைக் கேட்டால் கோபப்படுகிற முதலாளியிடம் போய் மாட்டிக்கொள்ளவே வேண்டாம்.

செல்போனிலேயே பார்க்கலாம்

கம்பெனி சொல்வதை அப்படியே நம்பவேண்டியதில்லை. மத்திய அரசின் கம்பெனி விவகாரத் துறை இணைய தளத்தில் கம்பெனி எப்போது பதிவானது, டைரக்டர்கள் யார், மூலதனம் எவ்வளவு, கடைசி வரவு செலவுக் கணக்கை எந்த வருஷத்துக்குக் கொடுத்தார்கள் என்று பார்த்துக்கொள்ளலாம். 2 வருஷமாகக் கணக்கே கொடுக்காத கம்பெனி உங்கள் சம்பளக் கணக்கை மட்டும் ஒழுங்காக வைத்திருக்குமா?

பி.எப். பிடிக்கும் கம்பெனியாக இருந்தால் இன்னும் வசதி. பி.எப். அலுவலக இணைய தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டால் மாதாமாதம் எத்தனை பேருக்கு, எவ்வளவு பணம் கட்டினார்கள் என்று வந்துவிடும். மாதப் பணத்தை அடுத்த மாதம் 15-ந்தேதிக்குள் கட்டவேண்டும். 3 மாதம் தள்ளிக் கட்டியிருந்தாலும், 40 பேர் 25 ஆகக் குறைந்திருந்தாலும், கம்பெனியின் நாடித்துடிப்பு அங்கே தெரிந்துவிடும்.

2025 நவம்பர் 21-ந்தேதி அமலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டங்களின்படி வேலை ஆர்டரை எழுத்தில் கொடுக்கவேண்டும். மாதச் சம்பளம் அடுத்த மாதம் 7-ந்தேதிக்குள் வரவேண்டும். வேலையை விட்டால் 2 வேலை நாளில் பாக்கியைத் தீர்க்கவேண்டும். சட்டம் இருக்கிறது. பணமே இல்லாத கம்பெனியிடம் சட்டப் புத்தகத்தைக் காட்டி வசூலிக்க நாள் பிடிக்கும் என்பதும் உண்மை.

மோசடிக் கும்பல்

ஒரு எச்சரிக்கை. புதுக் கம்பெனி என்ற பெயரில் மோசடிக் கும்பலும் உலவுகிறது. டெபாசிட் கட்டு, லேப்டாப்புக்குப் பணம் கட்டு, பயிற்சிக்குப் பணம் கட்டு என்று கேட்டால் அது வேலை அல்ல, வலை. வேலை கொடுப்பவன் பணம் கொடுப்பான், கேட்கமாட்டான். அசல் சர்டிபிகேட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொள்ளும் இடத்துக்கும் போகவேண்டாம்.

தாய்லாந்தில் டிஜிட்டல் கம்பெனி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள், எல்லை தாண்டி மியான்மரில் அடைக்கப்பட்டு இணைய மோசடி செய்யச் சொல்லி வதைக்கப்பட்டார்கள். அவர்களில் 13 பேர் மீட்கப்பட்டு 2022 அக்டோபரில் சென்னை வந்து இறங்கினார்கள். அவர்களையும் “நல்ல சம்பளம், புதுக் கம்பெனி” என்றுதான் கூட்டிப் போனார்கள்.

திங்கட்கிழமை

சித்தையன்கோட்டை வீட்டில் ராத்திரி கடை சாத்திய பிறகு பேச்சு தொடருகிறது.

“சம்பளம் முப்பதாயிரம் கேளு. ஷேரு பாதி போதும்னு சொல்லு” என்கிறார் தகப்பனார். வியாபாரி அல்லவா! கடனுக்கு 1,000 தருவதைவிட ரொக்கம் 500 மேல் என்பது அவருடைய கணக்கு.

“அப்படிக் கேட்டா வேற ஆளப் பாத்துக்குவாய்ங்க அத்தா.”

“பாத்துக்கட்டுமே. கேக்காம எப்படித் தெரியும்?”

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மெட்ராசில் மெஸ் சாப்பாடு எப்படி இருக்கும் என்று மட்டும் தம்பியிடம் கேட்கிறாள்.

மகன் செல்போனை எடுத்து 5 கேள்விகளை டைப் அடித்து அனுப்புகிறான். மொத்தம் எத்தனை ஷேர்? என்ன விலை? வேலையை விட்டால் எத்தனை நாள் அவகாசம்? பி.எப். உண்டா? கைப்பணம் எத்தனை மாதம்? கடைசியில் சம்பளம் 30 ஆயிரம் என்று சேர்க்கிறான். பிறகு யோசித்து 29 என்று மாற்றுகிறான்.

பதில் எழுத்தில் வரும்வரை மில்லுக்கு ராஜினாமா கடிதம் கொடுப்பதில்லை என்று முடிவாகிறது. காலையில் வழக்கம்போல திண்டுக்கல் பஸ்சுக்குப் போகவேண்டும்.